கெடாமல் வைத்தவர்கள்

முட்டையைக் கழுவக் கூடாது என்பது எங்கள் வீட்டில் அப்பத்தா போட்ட சட்டம். கூட்டிலிருந்து எடுக்கும்போது எச்சமோ மண்ணோ ஒட்டியிருந்தால் காய்ந்த தேங்காய் நாரால் லேசாகத் தட்டிவிடலாம். தண்ணீர் ஆகாது, ஈரத் துணியும் ஆகாது. எழுபதுகளில் மானாமதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நான் வளர்ந்தபோது பாதி வீடுகளுக்குத்தான் மின்சாரம் வந்திருந்தது. ஃபிரிட்ஜைச் சினிமாவில்தான் பார்த்திருந்தோம். ஆனாலும் எந்த மாதத்திலும் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை என்ற பேச்சு வந்ததில்லை. அதற்குக் காரணம் வசதி அல்ல. வானம் பார்த்த பூமி எங்களுடையது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கண்மாய் நிறையும், விளையும். பெய்யாவிட்டால் போன வருஷம் எடுத்து வைத்ததுதான்.

அடுப்படியின் வடக்கு மூலையில், வெயில் படாத இடத்தில், தண்ணீர்ப் பானை. அதன் அடியில் ஆற்று மணல் பரப்பியிருக்கும். பானையின் வியர்வை மணலில் இறங்கி எப்போதும் ஈரமாகவே இருக்கும். அந்த மணலில் கழுத்துவரை புதைத்த சின்னப் பானை ஒன்று உண்டு. அதற்குள் அரிசித் தவிடு, தவிட்டுக்குள் முட்டைகள். கூர்முனை கீழே, மழுங்கின பக்கம் மேலே இருக்க வேண்டும். ஒன்றோடொன்று உரசக் கூடாது. அடுப்புக்கரியால் ஒவ்வொன்றிலும் அப்பத்தா ஒரு கோடு இழுத்து வைப்பாள். ஒரு கோடு அடை வைக்க, இரண்டு கோடு விற்க. கோடு இல்லாதது நாங்கள் தின்ன. எழுதப் படிக்கத் தெரியாத அவள் வைத்திருந்த கணக்குப் புத்தகம் அந்தத் தவிட்டுப் பானைதான்.

முட்டை வியாபாரி சைக்கிளில் வருவார். பின்னால் கட்டிய கூடையில் வைக்கோல் அடுக்கு. அவர் முதலில் கேட்பது ஒரு வாளித் தண்ணீர். அதில் முட்டையை விட்டால், புதியது அடியில் போய்ப் படுக்கும். நாளானது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். கெட்டது மிதக்கும். நிற்கிறதைக் கையை மடக்கிக் குழலாக்கிச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். அப்பத்தாவின் முட்டைகளை அவர் சோதித்து நான் பார்த்ததில்லை. எண்ணி அடுக்கிக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டுப் போவார்.

சித்திரை வந்துவிட்டால் அவள் கணக்கே மாறிவிடும். “இப்ப இடுற முட்டைய மூணு நாளைக்கு மேல வைக்காத தாயி. உள்ள இருக்கிற உசுரு முழிச்சுக்கும். முழிச்சதுக்குத் தாய்ச் சூடு வேணும். கெடைக்கலேன்னா செத்துப் போகும், செத்தா அழுகும்” என்பாள். சேவலோடு சேர்ந்து திரியும் நாட்டுக்கோழியின் முட்டை கருவுற்ற முட்டை. சுற்றுச்சூடு 21 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதற்குள் கரு மெல்ல அசையத் தொடங்கும். அடைக்கோழியின் வயிற்றுச் சூட்டுக்குக் குறைந்து, அறைச் சூட்டுக்கு மிஞ்சிய நடுத்தரமான வெப்பத்தில் அது அரைகுறையாக வளர்ந்து மடியும். எங்கள் ஊர்ச் சித்திரை மாதம் அந்த வெப்பம்தான். இதைப் பாடமாகப் படித்தபோது எனக்குப் பதினெட்டு வயது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை திருத்த வேண்டியிருக்கவில்லை.

இடி இடித்தால் அடை முட்டைக்குப் பக்கத்தில் ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் வற்றல் மிளகாயும் வைப்பாள். அதற்கு எந்தப் பாடத்திலும் எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. பெரியவர்கள் செய்த எல்லாவற்றுக்கும் அறிவியல் தேடிப் பூசும் இப்போதைய பழக்கம் எனக்குப் பிடிக்காது. தவிட்டுப் பானை அறிவு. இரும்புத் துண்டு பயம். ஒரே வீட்டில் இரண்டும் இருந்தன.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரைக்கு மனையியல் படிக்கப் போனேன். உணவு பதப்படுத்தலுக்கு ஒரு செய்முறை வகுப்பு இருந்தது. முட்டை ஓட்டில் 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள் இருக்கின்றன, இட்டவுடன் அதன் மேல் மெல்லிய படலம் ஒன்று காய்ந்து அந்தத் துளைகளை மூடுகிறது, கழுவினால் அந்தப் படலம் போய்விடும் என்று ஆசிரியை சொன்னபோது பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்து அழுத்தினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. துளை வழியே நீர் ஆவியாகி வெளியே போகும், காற்று உள்ளே வரும், மழுங்கின பக்கத்துக் காற்றறை பெரிதாகும். வியாபாரியின் வாளியில் முட்டை எழுந்து நின்றது அதனால்தான். கூர்முனை கீழே இருந்தால் அந்தக் காற்றறை மேலேயே நிற்கும், மஞ்சள் கரு நடுவில் இருக்கும். தலைகீழாக வைத்தால் மஞ்சள் கரு நகர்ந்து ஓட்டில் ஒட்டி, சீக்கிரம் கெடும்.

அந்த வகுப்பில்தான் சோடியம் சிலிகேட் கரைசலைப் பார்த்தேன். கொழகொழவென்று பாகு மாதிரி இருக்கும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் பத்துப் பங்கு, அது ஒரு பங்கு. பீங்கான் ஜாடியில் ஊற்றி, கழுவாத புது முட்டைகளை அதில் அமிழ்த்தி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். இரண்டு உலகப் போர்களின்போதும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டுப் பெண்கள் கோடையில் கிடைத்த முட்டையை இப்படித்தான் குளிர்காலத்துக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே பகல் குறையும் மாதங்களில் கோழி முட்டையிடுவது நின்றுபோகும். நாங்கள் போட்டு வைத்ததைப் பருவத் தேர்வுக்குப் பிறகு எடுத்து உடைத்தோம். வெள்ளைக் கரு தண்ணீராகத் தளர்ந்திருந்தது. வாடை இல்லை. பொரித்துத் தின்றோம். அவிப்பதாக இருந்தால் ஊசியால் ஒரு துளை போட்டுவிட்டுத்தான் அவிக்க வேண்டும். துளையெல்லாம் அடைபட்ட ஓட்டுக்குள் விரியும் காற்றுக்குப் போக வழியில்லாமல் வெடித்துவிடும்.

சிலிகேட்டை ஊருக்கு எடுத்துப் போக முடியாது. சுண்ணாம்புத் தண்ணீர் முறை அதைவிடப் பழையது, எளியது. அந்த வருஷம் தை விடுமுறையில் அப்பத்தாவிடம் சொன்னேன்.

“வெத்தலைக்குப் போடுறத முட்டைக்குமா?” என்றாள்.

ஆனாலும் மறுநாளே சுட்ட சுண்ணாம்புக் கல் வாங்கி வரச் சொன்னாள். தண்ணீரில் போட்டுக் கொதித்து அடங்கிய பிறகு தெளிவை மட்டும் இறுத்து, கொஞ்சம் கல்லுப்பும் சேர்த்து, மண்பானையில் முட்டைகளை மூழ்க வைத்தோம். முட்டையிலிருந்து கசியும் கரியமில வாயுவோடு சுண்ணாம்பு சேர்ந்தால் மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகும். அது ஓட்டின் துளைகளிலேயே படிந்து அடைத்துவிடும். சுண்ணாம்பின் காரத்தில் கிருமியும் வாழாது. பங்குனியில் திறந்தோம். ஒன்றுகூடக் கெடவில்லை. அப்பத்தா ஒன்றை உடைத்து மோந்து பார்த்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு என்றாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் அதைச் செய்யவே இல்லை.

ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னது இன்றுவரை எனக்குப் பாடம். “இது அடைக்கு ஆகுமா? மூச்ச அடைச்சாச்சு, குஞ்சு பொரிக்காது. திங்கறதுக்குன்னா, பங்குனி வரைக்கும் எதுக்கு வைக்கணும்? கோழி மறுபடி இடுதுல்ல? எதுவரைக்கும் வேணும்னு பாத்துட்டுத்தான் எப்படி வைக்கிறதுன்னு பாக்கணும்.”

அதுதான் அவளுடைய முதல் கேள்வி. எதுவரைக்கும் வேணும்? முட்டை வியாபாரி வரும்வரை, அல்லது கோழி அடைக்கு உட்காரும்வரை. கருவாடு அடுத்த கண்மாய் அழியும்வரை. புளி அடுத்த புளி உலுக்கும்வரை. மாவடு அடுத்த பிஞ்சு உதிரும்வரை. இதற்கு மேல் வைத்திருப்பதை அவள் சேமிப்பு என்று சொல்லமாட்டாள், முடக்கம் என்பாள். பினாங்கில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு உறவுக்காரப் பெரியப்பா, சீனர்கள் வாத்து முட்டையை உப்பும் கரியும் குழைத்துப் பூசி வைப்பதையும், சுண்ணாம்பும் சாம்பலும் தேயிலைச் சாறும் சேர்த்து வைத்து உள்ளே கறுப்பாக்கித் தின்பதையும் கதை கதையாகச் சொன்னார். கேட்ட பிள்ளைகள் முகம் சுளித்தோம். அப்பத்தா சுளிக்கவில்லை. “உப்பும் சாம்பலும்தானே, எந்த ஊருக்கும் அதான்” என்றாள்.

கண்மாய் அழிவது எங்களுக்குத் திருவிழா. பங்குனி கடைசியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊரார் கூடி நாள் குறிப்பார்கள். விடியற்காலையில் வெள்ளைத் துண்டை வீசியதும் கச்சாவும் ஊத்தாவும் வலையுமாக எல்லாரும் இறங்குவார்கள். கெளுத்தி, கெண்டை, விரால், குரவை. அன்றைக்கு ஊரில் மீன் குழம்பு மணக்காத வீடு இல்லை. ஆனால் மதியத்துக்குள் வெயில் ஏறிவிடும், மீன் மிச்சமிருக்கும். அதற்குப் பிறகுதான் பெண்களுக்கு வேலை.

குடலை எடுத்து, பெரிய மீனென்றால் முதுகோடு கீறி விரித்து, நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்று பானையில் ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு உப்பாகப் போட்டு, மேலே கல் பாரம். ராத்திரியில் மீனிலிருந்து தண்ணீர் தானாக வெளியே வந்து உப்போடு சேர்ந்து நிற்கும். காலையில் அந்தத் தண்ணீரிலேயே அலசி எடுத்துக் காயப் போடுவோம். உப்பு மீனைக் காப்பது அதன் தண்ணீரை இழுத்துக்கொள்வதால்தான். குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி பெருகாது. ஆனால் உப்பையே விரும்பும் கிருமிகளும் உண்டு. மாரிக் காற்றில் ஈரம் ஏறினால் கருவாட்டின் மேல் செம்மை படரும். தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தித் தண்ணீர் சிவந்து கிடப்பதும் அந்த இனக் கிருமிகளால்தான். அப்பத்தாவின் கண் அதைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடும். கார்த்திகையில் ஒருநாள் வெயில் எட்டிப் பார்த்தாலும் கருவாட்டுப் பானையைத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துப் பெண்கள் காயும் மீனுக்குப் பறவை ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கல்லூரியில் அதைப் படித்தபோது மற்றவர்கள் கடற்கரைக் காட்சியை ரசித்தார்கள். எனக்குக் கழுத்து வலித்தது. எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. காக்கைக்கும் பருந்துக்கும் நாய்க்கும் காவலாக, கையில் கருவேலங்குச்சியோடு, நிழல் நகர நகர நானும் நகர்ந்துகொண்டே, கோடை விடுமுறை முழுக்க முற்றத்தில் இருந்திருக்கிறேன்.

கிடா வெட்டு முடிந்து கறி மிஞ்சினால் உப்புக்கண்டம். நார்வாக்கில் விரல் நீளத்துக்கு அரிந்து, உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்துப் பிசறி, கோணி ஊசியால் சணலில் கோத்துக் கொடியில் மாலையாகத் தொங்கவிடுவார்கள். நாலைந்து நாள் நல்ல வெயில் வேண்டும். பிறகு அடுப்புக்கு மேலே, புகை படும் இடத்தில் கட்டிவிடுவார்கள். மாரிக் காலத்தில் இரண்டு துண்டை இறக்கி, அம்மியில் நசுக்கி, நல்லெண்ணெயில் பொரித்தால் ஒரு சட்டிக் கஞ்சி இறங்கும்.

வற்றல்களைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. மிளகாயைக் கீறி உப்பு மோரில் போட்டு, பகலில் வெயில், இரவில் மறுபடி மோர், மோர் முழுக்க மிளகாய்க்குள் போகும்வரை. சுண்டைக்காய்க்கும் மணத்தக்காளிக்கும் அதே வழி. சின்ன வெங்காயமும் பூண்டும் உளுந்தும் கடுகும் வெந்தயமும் விளக்கெண்ணெய் சேர்த்துப் பிசைந்து உருட்டும் தாளிப்பு வடகம் தனி. புளியைக் கொட்டை நீக்கி உப்புத் தூவி அடித்து அமுக்கிய பானையில் வருஷம் போகப் போகக் கறுப்பு ஏறும். துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைப்பது இன்னொன்று. மண் பூச்சு இருக்கும்வரை வண்டு துளைக்காது. திருகையில் உடைக்கும்போது பருப்பும் சுலபமாகப் பிரியும்.

இதில் வெயிலைப் புகழ்ந்து எழுதுபவர்கள் அந்த வெயிலில் நின்றவர்களை எழுதுவதில்லை. கூழ் வடகத்துக்கு அம்மாவும் சின்னம்மாவும் விடிய நான்கு மணிக்கே அடுப்பு மூட்டுவார்கள். வெயில் ஏறுமுன் வேட்டியில் ஊற்றி முடிக்க வேண்டும். மாடியும் இல்லை, செருப்பும் இல்லை. பாறையில் காயும் வற்றலைப் புரட்டப் போகும் சின்னம்மாவின் உள்ளங்கால் கொப்புளங்களுக்கு நான் வெண்ணெய் தடவிவிட்டிருக்கிறேன். உப்பும் வெயிலும் தாமாக எதையும் காப்பதில்லை. யாராவது ஒருத்தி தினமும் திறந்து பார்த்து, மோந்து, புரட்டி, மூடி வைத்தாக வேண்டும்.

கல்லூரியிலிருந்து சென்னைக்குச் சுற்றுலா போனபோது மெரினாவில் ஐஸ் ஹவுஸைக் காட்டினார்கள். விவேகானந்தர் 1897இல் தங்கிய வீடு என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். 1842இல் அதைக் கட்டியது பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடரின் பனிக்கட்டிக் கம்பெனி. அங்கே குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, பாளம் பாளமாகக் கப்பலில் அடுக்கி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து நாலு மாதம் பயணம் செய்து கொண்டுவந்திருக்கிறார்கள். 1833இல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் ஏற்றியது ஏறக்குறைய 180 டன். சுமார் 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. உருகாமல் காத்தது என்ன என்று கேட்டேன். மரத்தூள் என்றார் ஆசிரியை. எனக்கு உடனே தவிட்டுப் பானை நினைவு வந்தது. இரண்டிலும் வேலை ஒன்றுதான். இடையில் நிறையக் காற்றை அடக்கிக்கொண்டு, வெளிச்சூட்டை உள்ளே விடாமல் நிறுத்துவது. ஆனால் வெள்ளைக்காரர் பானத்தில் மிதக்கத்தான் அத்தனை கடல் தாண்டி அது வந்தது. ஊரார் மீனைக் காக்க அது வரவில்லை.

எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது தொண்ணூறுகளில். அதற்காக நான் பெருமூச்சு விடமாட்டேன். அம்மா நான்கு மணிக்கு எழுவது நின்றது. பால் திரிந்துவிடுமோ என்று ஒரு நாளில் மூன்று தடவை காய்ச்சுவது நின்றது. அப்பத்தா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கரண்டு போனா?” என்று மட்டும் கேட்டாள். எங்கள் ஊரில் அது நியாயமான கேள்வி. எனக்கு வருத்தம் வேறொன்றில். பெட்டிக்குள் வைத்ததும் மறந்துவிடுகிறோம். எதுவரைக்கும் என்று கேட்பதில்லை. என் வீட்டுப் பெட்டியின் பின்வரிசையில் இன்றைக்கும் எந்த மாதத்தது என்று தெரியாத கிண்ணங்கள் இருக்கின்றன.

மாவடு ஜாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாசியில் உதிரும் பிஞ்சுகளைக் காம்போடு பொறுக்கி, துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு போட்டுத் தினமும் குலுக்குவாள் அப்பத்தா. வடு சுருங்கித் தண்ணீர் விட்டதும் அந்தத் தண்ணீரிலேயே மிளகாயும் கடுகும் மஞ்சளும் அரைத்துச் சேர்த்து, ஜாடியின் வாயை வெள்ளைத் துணியால் கட்டிவிடுவாள். அந்த ஜாடிக்கு இரண்டு சட்டம். ஈரக்கை படக் கூடாது, ஈரக் கரண்டி போகக் கூடாது என்பது ஒன்று. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்த இடத்தில் உப்பு நீர்க்கும், பூசணம் பிடிக்கும். அது சரியான சட்டம். இன்னொன்று, வீட்டு விலக்கான பெண் பக்கத்தில்கூட வரக் கூடாது, நிழல் பட்டாலே ஊறுகாய் கெட்டுவிடும் என்பது. வயதுக்கு வந்த நாளிலிருந்து மாதா மாதம் கொல்லைப்புறத்தில் தட்டோடு உட்கார்ந்து, மற்றவர்கள் எட்ட நின்று போடும் வடுவைத் தின்ற எனக்கு, இந்த இரண்டு சட்டங்களையும் ஒரே தராசில் வைப்பவர்கள்மேல் இன்றும் கோபம் வரும்.

அம்மா வெளியே எதையும் எதிர்த்துப் பேசாதவள். நான் கல்லூரிக்குப் போன முதல் வருஷம் கோடை விடுமுறையில், அப்பத்தா அத்தை ஊருக்குப் போயிருந்த நேரம், எனக்கு நாள் வந்தது. அம்மா என்னைக் கொல்லைக்கு அனுப்பவில்லை. மரக்கரண்டியைக் கொடுத்து, “போய் நீயே எடுத்துப் போட்டுக்க” என்றாள். துணியை அவிழ்த்து, எடுத்து, கட்டிவிட்டு வந்தேன். அந்தக் கோடை முழுக்க அப்படித்தான் நடந்தது. ஐப்பசியில் தீபாவளிக்கு வந்தபோதும் ஜாடி அப்படியே இருந்தது. வடு கடித்தால் நொறுங்கியது, பூசணம் இல்லை, வாடை மாறவில்லை.

அப்பத்தாவிடம் அம்மாவே சொன்னாள். நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அப்பத்தா எழுந்து போய் ஜாடியைத் திறந்தாள். ஒரு வடுவை எடுத்து அமுக்கிப் பார்த்தாள், தண்ணீரை மோந்து பார்த்தாள், ஜாடியின் வாயைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“கை காஞ்சிருந்துச்சா?”

“ஆமா அப்பத்தா. தொடச்சுட்டுத்தான் தொட்டேன்.”

துணியை இழுத்துக் கட்டினாள். அடுத்த மாசியில் மாவடு போட நாள் பார்த்தபோது, நான் விலக்காக இருக்கும் நாளா என்று அவள் கேட்கவில்லை. எப்போது விடுமுறை என்று கடிதம் போடச் சொன்னாள்.